ஒரு மூடு வாழையும் டார்வினும்

மார்த்தாண்டம் தொடுவட்டி சந்தையில் குலை வந்து இறங்கும் நேரத்தில் நின்று பார்த்தால் ஏத்தன், செந்துளுவன், பேயன், ரசகதலி, மட்டி என்று கண் நிறைந்துவிடும். எந்தப் பழத்தையாவது நீளவாக்கில் பிளந்தால் நடுவில் பொடிப்பொடியாகக் கரும்புள்ளிகள். விதையாகாமல் நின்றுபோனவை. அதனால்தான் வாழையை யாரும் விதைப்பதில்லை. மூட்டில், அதாவது வாழையின் அடியில், கிளைக்கும் கன்றைப் பெயர்த்து நடுகிறார்கள். கன்று தாயின் நகல். நூறு மூடு வைத்தால், ஒரே வாழையை நூறு தடவை வைத்த மாதிரி.

பழைய கிரேக்க ஞானி பிளாட்டோவுக்கு இந்தத் தோட்டம் பிடித்திருக்கும். ஒவ்வொரு வகைக்கும் பிசகில்லாத ஓர் அச்சு உண்டு, கண்ணில் படும் வேறுபாடெல்லாம் அதிலிருந்து நழுவிய குறை என்பது அந்தக் காலத்து யோசனை. ஐரோப்பாவில் அது வெகுகாலம் செல்லுபடியானது. 1859இல் ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலில் சார்லஸ் டார்வின் அதைத் தலைகீழாக்கினார். ஒரே ஈற்றுக் குட்டிகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. பிறப்பவை அத்தனைக்கும் இரையும் இடமும் கிடையாது. சூழலுக்கு ஒத்துவரும் வேறுபாடு உள்ளவை அதிகமாகப் பெருகும். அந்த வேறுபாடும் வாரிசுகளுக்குப் போகும். தேர்ந்தெடுக்க ஆளே வேண்டாம். வேறுபாடு குறையல்ல, அதுதான் கைமுதல். (மேடைகளில் இதை ‘வல்லவன் வாழ்வான்’ என்று சுருக்குவார்கள். தப்பு. பேச்சு பலத்தைப் பற்றியதல்ல, பொருத்தத்தைப் பற்றியது.) என்னைக் கேட்டால், குரங்கா மனிதனா என்ற சண்டையைவிட இந்தத் திருப்பம்தான் பெரிது.

கைமுதல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை ரசகதலி வைத்தவர்கள் அறிவார்கள். பனாமா வாடல் நோயின் பூஞ்சை மண்ணிலிருந்து வேர்வழி ஏறி, தண்ணீர் போகும் குழாய்களை அடைக்கும். அடி இலைகள் ஓரத்தில் மஞ்சளடித்து, ஒடிந்து, தண்டைச் சுற்றிப் பாவாடைபோல் தொங்கும். விதையில் முளைத்த கூட்டமென்றால் எங்கோ நாலு தாங்கியிருக்கலாம். நகல்களுக்கு அந்த வழியில்லை. உலகச் சந்தையை ஆண்ட ‘குரோ மிஷெல்’ வாழை, 20ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்த நோயால்தான் ஏற்றுமதியிலிருந்து காணாமல் போனது.

மருந்துக்கு மசியாத கிருமியும் இதே கணக்குதான்: கோடிக்கணக்கானவற்றுள் வேறுபட்ட சில மட்டும் தப்பிப் பெருகுகின்றன. அப்புறம் கணினிக்காரர்களும் கடன் வாங்கினார்கள். 2006இல் நாசா அனுப்பிய எஸ்டி5 செயற்கைக்கோள்களுக்கு ஆன்டெனா வடிவங்களைக் கணினியில் பெருக்கி, தேறியவற்றைக் கொஞ்சம் மாற்றி, மறுபடி மறுபடி சலித்தார்கள். கடைசியில் மிஞ்சியது, பேப்பர் கிளிப்பை யாரோ கோபத்தில் முறுக்கியதுபோல் ஒன்று.

சரி, நகல் என்றேனே, அதில் ஒரு திருத்தம். செந்துளுவன் மூட்டில் எப்போதாவது பச்சைத் தண்டோடு ஒரு கன்று கிளம்பும். செல்லில் நேர்ந்த சிறு மரபணு மாற்றம். கன்று விற்றவரைத் திட்டிவிட்டு அதை வெட்டி எறிவதுதான் வழக்கம்.