ஸ்டாட்டின் எதையும் கரைப்பதில்லை

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் சுற்றிவரும் பல் மருத்துவத் துண்டறிக்கைகளிலும் வாட்ஸப் செய்திகளிலும் ‘கொழுப்புக் கரைப்பான் மருந்தால் ஈறு நோய்க்குத் தீர்வு’ என்ற வரியைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அவர்கள் சொல்லும் மருந்து ஸ்டாட்டின், ரத்தத்தில் கொலஸ்ட்ராலைக் குறைக்கக் கொடுக்கிற மாத்திரை. ஒருமுறை என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். உறவுக்கார ஆச்சி ஒருவர் ராத்திரி போடுகிற மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, “ஏம்ப்பா, இதைப் பொடிச்சு உப்போட சேத்து ஈறுல தேச்சா ஆடுற பல்லு நிக்குமா?” என்று கேட்டபோது சிரிப்பு வரவில்லை. ஆச்சி மேல் தப்பில்லை. கரைப்பான் என்று எழுதினால் தேய்க்கத்தான் தோன்றும்.

கொலஸ்ட்ரால், ஸ்டாட்டின் என்ற சொற்களின் பிறப்பைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். கிரேக்கத்தில் ‘கோலே’ என்றால் பித்தம், ‘ஸ்டீரியோஸ்’ என்றால் திடமானது. பித்தப்பைக் கல்லில் கிடைத்த பொருளுக்குப் பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரூல் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த இரண்டையும் சேர்த்துப் பெயர் இட்டார். ஆல்கஹால் வகை என்று பின்னால் தெரிந்ததும் வால் மாறிக் கொலஸ்ட்ரால் ஆயிற்று. ‘ஸ்டாட்டின்’ என்பதன் வேருக்கு நிறுத்துவது என்று பொருள். ஜப்பானின் அகிரா எண்டோ 1970களில் பெனிசிலியம் பூஞ்சை ஒன்றிலிருந்து முதல் ஸ்டாட்டினைப் பிரித்தெடுத்தார். அமெரிக்காவில் லோவாஸ்டாட்டின் 1987இல் அனுமதி பெற்றது. நம் மருந்துச் சீட்டில் வருகிற அடோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் எல்லாம் அதன் பங்காளிகள். வாலை மட்டும் பார்த்து உறவு கொண்டாடக் கூடாது. வாயில் வெள்ளையாகப் படரும் பூஞ்சைத் தொற்றுக்குக் கொடுக்கிற நிஸ்டாட்டினுக்கும் இதே வால்தான். ஆனால் அந்தப் பெயர் நியூயார்க் ஸ்டேட் என்ற மாநிலப் பெயரிலிருந்து வந்தது. இரண்டுமே வாய் நோயோடு சேர்த்துப் பேசப்படுவதால், மொழிபெயர்ப்பாளர் யாராவது ஒருநாள் இரண்டையும் ஒன்றாக்கிவிடுவார் என்று எனக்கு உள்ளூர ஒரு பயம்.

இனி ‘கரைப்பான்’. தமிழ்வழியில் வேதியியல் படித்த எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும்: உப்பு கரைபொருள், தண்ணீர் கரைப்பான். அந்தச் சொல்லுக்கு வேலை போட்டுக் கொடுத்துப் பல காலம் ஆகிறது. ஸ்டாட்டின் எதையும் கரைப்பதில்லை. கல்லீரலில் கொலஸ்ட்ராலை உண்டாக்கும் வரிசையில் ஒரு நொதி இருக்கிறது. ஸ்டாட்டின் அதை மறிக்கிறது. உற்பத்தி குறைந்ததும் கல்லீரல் தன் தேவைக்கு ரத்தத்தில் ஓடுகிற கெட்ட கொலஸ்ட்ராலை உள்ளே இழுத்துக்கொள்கிறது. அதனால் ரத்தத்தில் அளவு இறங்குகிறது. இது ஆக்கத்தை நிறுத்துகிற வேலை. பெயரின் வேரும் அதைத்தான் சொல்கிறது. மூலத்திலேயே ‘நிறுத்து’ என்று எழுதியிருக்க, எங்கிருந்தோ கரைப்பைக் கொண்டுவந்து சேர்த்தவருக்கு என்ன அவசரமோ!

ஈறுக்கு வந்தால் பிழை இரட்டிப்பாகிறது. அங்கே ஆராய்ச்சி கொலஸ்ட்ராலைக் குறைப்பது பற்றியதே அல்ல. ஸ்டாட்டினுக்கு அழற்சியைத் தணிக்கும் குணம் இருக்கிறது. எலி, சுண்டெலிகளில் எலும்பு வளர்வதைத் தூண்டுகிறது என்று 1999இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அந்த இரண்டையும் பிடித்துக்கொண்டு பெங்களூரில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரியில் 1.2 சதவீத ஸ்டாட்டின் ஜெல் செய்து பார்த்தார்கள். பல்லைச் சுத்தம் செய்து வேரை வழித்த பிறகு, ஈறுக்கும் பல்லுக்கும் இடையே ஆழமாகிப்போன பைக்குள் அந்த ஜெல்லை வைத்தார்கள். சுத்தம் மட்டும் செய்தவர்களைவிட இவர்களுக்குப் பையின் ஆழம் கூடுதலாகக் குறைந்தது, இழந்த எலும்பும் ஓரளவு நிரம்பியது என்பது அவர்கள் கண்டது. இதில் கொழுப்பு எங்கே, கரைப்பு எங்கே?

கரைப்பான் என்றதும் படிக்கிறவர் பல்லில் படிந்த காரை கரையும் என்று நினைத்துக்கொள்கிறார். செட்டிநாட்டு வீட்டுச் சுவரில் சுண்ணாம்புக் காரையைப் பெயர்க்கக் கொத்தனார் படுகிற பாட்டைப் பார்த்தவர்களுக்குப் பற்காரை என்ற சொல் எவ்வளவு பொருத்தம் என்று விளக்க வேண்டியதில்லை. கிருமிப் படலத்தில் எச்சிலின் சுண்ணாம்புச் சத்து ஏறி இறுகியது அது. மருத்துவர் கருவி வைத்துச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும், மாத்திரையோ ஜெல்லோ அதைத் தொடாது.

‘கொழுப்பு மாத்திரை’ என்று ஊரில் சொல்கிறார்களே, அதுவும் தப்பா என்றால், பேச்சுக்கு அது போதும். “உனக்குக் கொழுப்பு, மாத்திரை போடு” என்று பேரன் கேலி செய்யவும் உதவும். எழுத்தில் வேண்டாம் என்கிறேன், ஏனென்றால் கொழுப்பு வேறு, கொலஸ்ட்ரால் வேறு. அதற்காக வேரைப் பார்த்துப் ‘பித்தத் திடப்பொருள்’ என்று புதிதாக ஒன்றைச் செய்து வைத்தால் படிக்கிறவர் சித்த வைத்தியசாலையில் போய் நிற்பார். தூய தமிழ் எனக்கும் பிடிக்கும். மிருச்சகடிகம் என்ற வடமொழி நாடகத்தை ‘மண்ணியல் சிறுதேர்’ என்று தமிழாக்கிய மகிபாலன்பட்டிப் பண்டிதமணி கதிரேசனார் நடமாடிய மண் இது. அவர் சொல்லைப் பிரித்துப் பார்த்து, பொருளை உணர்ந்து, பிறகு பெயர்த்தார். இன்றைக்கு இயந்திரத்தில் போட்டு எடுத்து, அச்சுக்கு அனுப்பி, பிழையைப் படிப்பவர் தலையில் கட்டிவிடுகிறார்கள்.

‘ஈறு நோய்’ மீதும் எனக்கு வழக்கு உண்டு. ஈறு மட்டும் சிவந்து, வீங்கி, பல் விளக்கும்போது ரத்தம் வந்தால் அது ஈறழற்சி. ஒழுங்காகச் சுத்தம் செய்தால் திரும்பிவிடும். அழற்சி உள்ளே இறங்கிப் பல்லைப் பிடித்திருக்கும் நாரையும் எலும்பையும் தின்னத் தொடங்கினால் அது பெரியோடான்டைட்டிஸ். ‘பெரி’ சுற்றி, ‘ஓடான்’ பல், ‘ஐட்டிஸ்’ அழற்சி. தமிழில் பல்சூழ் அழற்சி என்று அப்படியே அழகாக உட்காருகிறது. முந்தைய தலைமுறை இதைப் பயோரியா என்றது, அதாவது சீழ் ஒழுகுவது. ஆனால் சீழ் தெரியாமலேயே எலும்பு கரைகிறவர்கள் உண்டு. உண்மையில் கரைவது என்ற சொல்லுக்கு இந்தக் கதையில் இடமிருந்தால் அது எலும்புக்குத்தான்!

‘தீர்வு’ என்று போட்டார்களே, அதற்கு மன்னிப்பே கிடையாது. ஆய்வின் மூலத்தில் இருப்பது துணைச் சிகிச்சை என்ற பொருள். அதை ஒருவர் ‘மாற்றுச் சிகிச்சை’ என்று பெயர்க்க, அடுத்தவர் அதைத் தீர்வாக்கிவிட்டார். துணைக்கும் மாற்றுக்கும் நடுவே ஒருவர் வாயில் மிச்சமிருக்கிற பற்கள் இருக்கின்றன. ஐரோப்பியப் பல்சூழ் மருத்துவக் கூட்டமைப்பு 2020இல் வெளியிட்ட நெறிமுறை, சுத்தம் செய்வதோடு துணையாகக்கூட ஸ்டாட்டின் ஜெல் வேண்டாம் என்றே பரிந்துரைத்தது. நிலைமை இப்படியிருக்க, இதயத்துக்கென்று எழுதிக்கொடுத்த மாத்திரையை எழுதிக்கொடுத்தபடி விழுங்குவதுதான் முறை, பல்லுக்குப் பல் மருத்துவரிடம் போக வேண்டும்.

என் பரிந்துரை: மருந்தின் பெயர் ஸ்டாட்டின் என்றே இருக்கட்டும். முதல் முறை வரும்போது ‘கொலஸ்ட்ரால் ஆக்கத்தடை மருந்து’ என்று ஒரு விளக்கம் போதும். நோய்க்குப் பல்சூழ் அழற்சி. ஜெல்லைக் ‘களிம்பு’ ஆக்கவேண்டாம். களிம்பு மேலே பூசுவது, இது பைக்குள் ஊசிக்குழலால் செலுத்துவது.