கிளாக்கோமா ஃபெல்லோஷிப்: தமிழில் எப்படிச் சொல்வது?

கண் மருத்துவர் ஒருவரின் பெயர்ப் பலகையில் முதுநிலைப் பட்டத்துக்கு அடுத்து ‘கிளாக்கோமா ஃபெல்லோஷிப்’ என்று இருக்கும். இதைத் தமிழில் எழுதும்போது சிலர் ‘கண் அழுத்த நோய்க்கான உதவித்தொகை பெற்றவர்’ என்று எழுதிவிடுகிறார்கள். படிப்பவருக்கு, மருத்துவருக்கு யாரோ பணம் கொடுத்தார்கள் என்றுதான் தோன்றும். கண் மருத்துவப் பட்டம் பெற்ற பிறகும் ஓராண்டு, ஈராண்டு ஒரே நோயில் ஊன்றி அவர் கற்ற கல்வி அந்த வரியில் காணாமல் போகிறது. அகராதியில் தேடினால் உதவித்தொகை என்ற பொருள் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் இந்த இடத்துக்கு அது பொருந்தாது.

ஃபெல்லோ என்ற சொல் ஸ்காண்டிநேவியாவின் பழைய நோர்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. அங்கே ‘ஃபேலாகி’ என்றால் ஒரு தொழிலில் தன் பொருளைப் பிறரோடு சேர்த்துப் போட்டவர், அதாவது கூட்டாளி. அதிலுள்ள ‘ஃபே’ கால்நடையையும் செல்வத்தையும் ஒருங்கே குறிக்கும். பழந்தமிழில் ‘மாடு’ என்ற சொல்லுக்குச் செல்வம் என்ற பொருளும் இருந்ததை அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இருக்காது. பிறகு கூட்டாளி தோழனானான். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் கல்லூரிகளில், கல்லூரியின் நிர்வாகத்திலும் வருமானத்திலும் பங்குள்ள உறுப்பினருக்கு ஃபெல்லோ என்று பெயர் வந்தது. உதவித்தொகை என்ற பொருள் இந்தக் கிளையிலிருந்து முளைத்தது. இங்கிலாந்தின் ராயல் அறுவை மருத்துவர் கல்லூரி 1843இல் ஃபெல்லோ என்ற தகுதியை ஏற்படுத்தியது. எஃப்.ஆர்.சி.எஸ். என்பதன் முதல் எழுத்து அதுதான். தேர்வில் தேறி ஒரு கல்லூரியின் உறுப்பினராவதை அது குறிக்கும்.

நாம் பேசும் ஃபெல்லோஷிப் இவை எல்லாவற்றுக்கும் பிந்தியது. அமெரிக்க மருத்துவமனைகளில் ரெசிடென்சி என்னும் உறைவிடப் பயிற்சி முறை வேரூன்றிய பிறகு, அதையும் முடித்தவர்கள் ஒரு உட்துறையில் மேலும் கற்பதற்கு 20ஆம் நூற்றாண்டில் இந்தப் பெயர் நிலைத்தது. ஆக, ஒரே ஆங்கிலச் சொல்லுக்குத் தோழமை, உதவித்தொகை, உறுப்பினர் தகுதி, மேல்நிலைப் பயிற்சி என்று நான்கு பொருள்கள். தமிழில் நான்குக்கும் நான்கு சொற்கள் வேண்டும்.

அடுத்தது நோயின் பெயர். ‘கிளாக்கோஸ்’ என்பது கிரேக்கத்தில் நீலமும் பச்சையும் சாம்பலும் கலந்த ஒரு நிறம். ஹிப்போகிரட்டீஸின் பெயரால் வழங்கும் நூல்களில், முதியவர்களுக்கு வரும் உபாதைகளில் ஒன்றாக இச்சொல்லின் ஒரு வடிவம் வருகிறது. அதை இன்றைய கிளாக்கோமா என்று எடுத்துக்கொள்ள முடியாது. கண்மணி நிறம் மாறிப் பார்வை போன பல நிலைகளுக்கும் அது பொதுப்பெயராக இருந்தது. புரை என்பது கண்ணின் வில்லை மங்குவதுதான் என்று 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்ஸில் தெளிவான பிறகுதான் இரண்டு நோய்களும் பிரியத் தொடங்கின. 1851இல் ஜெர்மன் அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணுக்குள் பார்க்கும் கருவியை வெளியிட்டார். பார்வை நரம்பின் முனை இந்நோயில் குழிந்துபோவதை உயிருள்ள கண்ணிலேயே காண அது வழி செய்தது. 1857இல் ஜெர்மன் கண் மருத்துவர் ஆல்பிரெக்ட் ஃபான் கிரேஃபே, கண்மணியைச் சுற்றியுள்ள நிற வளையமான ஐரிஸில் ஒரு துண்டை வெட்டி எடுப்பதன் மூலம் திடீரெனத் தாக்கும் கிளாக்கோமாவை அடக்கலாம் என்று காட்டினார்.

நிறம் மட்டும் பல மொழிகளில் ஒட்டிக்கொண்டே இருக்கிறது. ஜெர்மானியர்கள் இந்நோயைப் ‘பச்சை’ என்ற அடையோடும் கண்புரையைச் ‘சாம்பல்’ என்ற அடையோடும் சொல்கிறார்கள். ஜப்பானியப் பெயரிலும் பச்சை உண்டு. தமிழ் அந்த வழியில் போகவில்லை. கண் அழுத்த நோய், கண் நீர் அழுத்த நோய் என்று நோய் நடக்கும் விதத்தைப் பெயராக வைத்தது. நிறத்தை விட இது எவ்வளவோ மேல் என்பது என் கருத்து. கண்ணுக்குள் ஊறும் நீர் வெளியேறும் வழி அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறும், அது பார்வை நரம்பை அரிக்கும் என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது.

இருந்தாலும் இரண்டு இடங்களில் கவனம் தேவை. ‘கண் நீர்’ என்பது காதில் கண்ணீர் என்றே விழும். கண்ணீருக்கும் இந்நோய்க்கும் தொடர்பில்லை, இது கண்ணின் உள்ளே சுரக்கும் நீர். அதனால் ‘நீர்’ இல்லாமல் ‘கண் அழுத்த நோய்’ என்பதே எனக்குப் பிடித்தது. இன்னொன்று, அழுத்தமும் நோயும் ஒன்றல்ல. வழக்கமான அளவு 10 முதல் 21 மி.மீ. பாதரசம் என்பார்கள். அந்த அளவுக்குள் இருந்தும் நரம்பு கெடுபவர்கள் உண்டு. ஜப்பானில், நீர் வடியும் கோணம் மூடாமல் இருக்கும் ‘திறந்த கோண’ வகை உள்ளவர்களில் பெரும்பாலோர் இப்படித்தான். அளவு தாண்டியும் நரம்பு கெடாதவர்களும் உண்டு. ‘எனக்குக் கண்ணில் அழுத்தம் சரியாக இருக்கிறது, எனவே நோய் இல்லை’ என்று யாரும் இந்தப் பெயரை வைத்து முடிவுக்கு வந்துவிடக் கூடாது.

இந்தச் சிக்கல்தான் தனிப் பயிற்சியைக் கட்டாயமாக்குகிறது. இழந்த பார்வை திரும்பாது. நோயாளிக்கு நெடுங்காலம் எதுவும் தெரியாது. எனவே சுற்றிலும் எவ்வளவு தூரம் தெரிகிறது என்று அளக்கும் பார்வைப் புலச் சோதனை இன்று எடுத்தது போன ஆண்டை விட மோசமாக இருந்தால், அது நோய் முற்றியதாலா, சோதனையின்போது நோயாளி களைத்திருந்ததாலா என்று பிரித்தறிய வேண்டும். ஃபெல்லோவாக இருப்பவர் இதைப் பலநூறு முறை செய்து, மூத்தவரிடம் திருத்தம் வாங்கிக் கற்கிறார். கோனியோஸ்கோபி என்றொரு சோதனை இருக்கிறது. கண்ணின் மேல் கண்ணாடி பதித்த ஒரு லென்ஸை வைத்து, கண்ணின் முன்புறத் தெளிந்த படலமான கருவிழியும் ஐரிஸும் சந்திக்கும் கோணம் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று பார்ப்பது. பார்த்துப் பார்த்துத்தான் பழக முடியும். சிகிச்சையே அந்த விடையைப் பொறுத்து மாறும்.

அப்புறம் அறுவை. டிராபெக்குலெக்டமி என்ற அறுவையை 1968இல் கெய்ர்ன்ஸ் என்ற கண் மருத்துவர் விவரித்தார். கண்ணின் வெள்ளைப் பகுதியில் ஒரு சிறு மூடியோடு கூடிய வழி செய்து நீரை வெளியேற்றுவது அது. மூடியைத் தைக்கும் தையல் இறுகினால் நீர் போகாது, தளர்ந்தால் கண் தொய்ந்துவிடும். எந்தத் தையலை எந்த நாளில் லேசரால் அறுப்பது என்பது அறுவைக்குப் பின் வரும் வாரங்களில் எடுக்கும் முடிவு. அறுவை செய்யக் கற்பதைவிட இதைக் கற்பது கடினம் என்பேன். முதுநிலைப் படிப்பின்போது கண்புரை அறுவை செய்யக் கிடைக்கும் அளவுக்கு இது கிடைப்பதில்லை. இதோடு நீரை வடிக்கும் அகமது வால்வு போன்ற குழாய்ப் பொருத்தல்கள், லேசர் சிகிச்சைகள், பிறவியிலேயே நோயோடு வரும் குழந்தைகளுக்கான அறுவைகள் எல்லாம் சேரும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? தோழமை, ஐக்கியம் இரண்டும் இங்கே ஒட்டாது. ‘நல்கை’ அழகான சொல், ஆனால் அதுவும் பணத்தையே குறிக்கும். ஆய்வுக்கான தொகைக்கு அதை வைத்துக்கொள்வோம். ‘உயர்சிறப்புப் பயிற்சி’ என்றால் முதுநிலைக்கும் மேலான டி.எம்., எம்.சி.எச். பட்டங்களோடு குழம்பும். வெறும் ‘பயிற்சி’ என்பதும் போதாது, ஏனென்றால் பயிற்சி மருத்துவர் என்றால் எம்.பி.பி.எஸ். முடிக்கும் தறுவாயில் இருப்பவரைத்தான் நாம் சொல்கிறோம். ஃபெல்லோ ஏற்கெனவே முழுமையான கண் மருத்துவர். நான் தேர்வது ‘மேற்பயிற்சி’. சிறிய சொல், படித்தவுடன் புரியும், எதற்கு மேலே என்பதும் விளங்கும். படிப்பவரை ‘மேற்பயிற்சிக் கண் மருத்துவர்’ எனலாம். ‘கண் அழுத்த நோய் மேற்பயிற்சி முடித்தவர்’ என்று எழுதினால் அந்தப் பலகையின் வரிக்கு நேரான தமிழ் கிடைத்துவிடுகிறது. எஃப்.ஆர்.சி.எஸ்.ஸில் வரும் ஃபெல்லோவுக்கு ‘தகுதி உறுப்பினர்’ போதும்.

பேச்சில் ஃபெல்லோஷிப் என்றே சொல்வதில் தவறில்லை, மருத்துவமனைக்குள் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். எழுத்தில், குறிப்பாக நோயாளிகள் படிக்கும் எழுத்தில், மேற்பயிற்சி என்று வரட்டும். ஒரு எச்சரிக்கை மட்டும்: சில வாரங்கள் மூத்தவரின் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு வருவதற்கு அப்சர்வர்ஷிப் என்று பெயர். அதைப் ‘பார்வையாளர் பயிற்சி’ என்றே எழுத வேண்டும். மேற்பயிற்சியில் கண்ணைத் தொட்டுச் சோதிப்பதும், அறுவை செய்வதும், அதன் பின்விளைவைப் பார்த்துக்கொள்வதும் பயில்பவரின் பொறுப்பு. பார்வையாளர் பயிற்சியில் இந்தப் பொறுப்பு எதுவும் இல்லை.