பருமனூட்டும் சூழல்: ஒரு சொல் தேடிய கதை

எங்கள் கோயில் மண்டபத்தில் ஒட்ட ஒரு பக்கத்துக்கு உடல்நலக் குறிப்பு எழுதித் தரச் சொன்னார்கள். இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கம், தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பவர்களே கொஞ்சம் பேர்தான், இருந்தாலும் பெரியவர்களுக்காகத் தமிழிலும் ஒரு தாள் இருக்கட்டுமே என்றார்கள். சரி என்று உட்கார்ந்தவன் மூன்றாவது வரியிலேயே மாட்டிக்கொண்டேன். அந்த வரியில் இருந்த சொல் ஒபீசோஜெனிக், ஆளைப் பருக்க வைக்கிற சூழலுக்கு ஆங்கிலத்தில் போடும் அடைமொழி.

முதலில் பாதிச் சொல்லைப் பார்ப்போம். ஒபீஸ் என்பது லத்தீனின் ஒபேசுஸ். அதைப் பிரித்தால் உள்ளே 'எதெரே' இருக்கிறது, அதாவது தின்பது. தின்று தின்று கொழுத்தவன் என்பதுதான் பொருள். ஆளைப் பார்த்த மாத்திரத்தில் "நீ தின்றதுதானே" என்று தீர்ப்பு எழுதிவிடுகிற சொல் அது. வேடிக்கை என்னவென்றால், பழைய லத்தீனில் அதே சொல்லை 'அரிக்கப்பட்டு மெலிந்தவன்' என்ற நேர்மாறான பொருளிலும் ஆண்டிருக்கிறார்கள். பின்பாதியான ஜெனிக் கிரேக்கம், பிறப்பிப்பது என்று பொருள். இரண்டையும் ஒட்டுப்போட்ட இந்தச் சொல் பரவலாகப் புழங்கியது 1999-இல் ஸ்வின்பர்ன், எகர் முதலான ஆய்வாளர்கள் எழுதிய ஒரு கட்டுரைக்குப் பிறகு. அவர்கள் சொல்ல வந்தது இதுதான்: மனிதன் பருப்பதற்கு அவன் வாய் மட்டும் காரணமில்லை, அவன் வாழும் தெரு, கடை, விலை, விளம்பரம், வேலைக்குப் போகும் தூரம் எல்லாம் சேர்ந்து அவனைப் பருக்க வைக்கின்றன.

இனி தமிழுக்கு வருவோம். பருமன் நல்ல பழைய சொல். பருத்தல், பருமை, பரிய எல்லாம் ஒரே குடும்பம். குறளில் யானையைப் 'பரியது' என்கிறார் வள்ளுவர் (599), புலி தாக்க வந்தால் அதுவும் அஞ்சும் என்று சொல்வதற்காக. அதில் கேலி இல்லை. அடிமரத்தின் பருமன், கயிற்றின் பருமன் என்று இன்றும் சொல்கிறோம். அளவைச் சொல்லுமே தவிர, தின்றதைச் சொல்லிக் காட்டாது. இந்த ஒரு விஷயத்தில் லத்தீனை விடத் தமிழ் நாகரிகமாக நடந்துகொள்கிறது என்பது என் கட்சி.

ஆனால் 'கொழுப்பு' என்று போட்டிருந்தால் தொலைந்தேன், அது நம் ஊர் வாயில் திமிர் ஆகிவிடும். ஊளைச்சதை என்றால் வசவு. குண்டாக்கும் சூழல் என்று எழுதலாம், சட்டென்று புரியும், ஆனால் பள்ளிக்கூடத்தில் 'குண்டு' என்று அழைக்கப்பட்ட எவருக்கும் அது இனிக்காது. 'உடல் பருமனை ஏற்படுத்தும் சூழல்' என்பது அரசாங்கச் சுற்றறிக்கைத் தமிழ்.

கடைசியில் பருமனூட்டும் சூழல் என்று எழுதினேன். ஊட்டுதல் என்றால் என்ன? அம்மா நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டுவது. கை நம்முடையது இல்லை, வாய் மட்டும் நம்முடையது. சூழலை இதைவிடப் பொருத்தமாகச் சொல்ல முடியாது என்று தோன்றியது.

எண்பது தாண்டிய பெரியம்மாவிடம் தாளைப் படித்துக் காட்டினேன். "அப்ப நான் திங்கலியா? ரோடுதான் எனக்கு ஊட்டுதா?" என்றார். ஆமாம் பெரியம்மா, பாதி அப்படித்தான் என்றேன். அவருக்கு இருபது வருடமாகச் சுகர், அதன்கூட பிரஷரும். இந்த இரண்டுக்கும் பொதுப்பெயரான தொற்றா நோய் என்பதை அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை, "எங்க வீட்டுல எல்லாருக்கும் தொத்திக்கிச்சே" என்றார். அவரிடம் பேசி ஜெயிக்க முடியாது.

அவருக்காகவே ஒரு கணக்குப் போட்டேன். கல்யாணப் பந்தியில் மேசைக்கு மேசை நிற்கிறதே 2 லிட்டர் சோடா பாட்டில், 100 மில்லிக்கு 10 கிராம் சர்க்கரை என்றால் அதில் மொத்தம் 200 கிராம். தென்னாப்பிரிக்காவில் 2018 ஏப்ரல் 1 முதல் இதற்கு உடல்நல மேம்பாட்டுத் தீர்வை உண்டு, ஊர் வாயில் சர்க்கரை வரி. 100 மில்லிக்கு முதல் 4 கிராமை விட்டுவிடுவார்கள். அதற்கு மேல் கிராமுக்கு 2.1 சென்ட் என்று தொடங்கி, 2019-இல் 2.21 ஆக்கினார்கள். ஆக அந்தப் பாட்டிலில் 80 கிராம் போக மீதி 120 கிராமுக்கு வரி சுமார் 2 ரேண்ட் 65 சென்ட். பெரிய தொகை இல்லை, ஆனால் இது குடிப்பவனிடம் "ஏன் குடிக்கிறாய்" என்று கேட்பதில்லை, கிராம் கணக்கில் விதிப்பதால் தயாரிப்பவனே சர்க்கரையைக் குறைத்தால் மிச்சம் பிடிக்கலாம், பல கம்பெனிகள் குறைக்கவும் செய்தன. ஊட்டுகிற கையைப் பிடிப்பது என்றால் இதுதான். 2022-இல் வரியை இன்னும் ஏற்றப்போவதாக அறிவித்துவிட்டு, கரும்பு விவசாயமும் வேலையும் போய்விடும் என்ற எதிர்ப்பில் தள்ளிப்போட்டார்கள். 1860 நவம்பர் 16-இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் நம் ஆட்களை இங்கே இறக்கியதே அந்தக் கரும்புக்காகத்தான் என்பதால், இந்தச் சண்டையை என்னால் தள்ளி நின்று பார்க்க முடிவதில்லை.

உப்பிலும் இதே வேலைதான். ரொட்டியில் இவ்வளவுக்கு மேல் சோடியம் கூடாது என்று 2013-இல் விதி எழுதி, 2016-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். பன்னி சௌ பிரியர்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும் (பன்னி என்றதும் தமிழ்நாட்டு நண்பர்கள் முகம் சுளிக்கிறார்கள், அது குடைந்த ரொட்டிக்குள் ஊற்றிய கறிக்குழம்பு, அவ்வளவுதான்). ரொட்டிக்காரரிடம் வாங்குபவர் யாரும் உப்பைக் குறைக்கச் சொல்லிக் கேட்கவில்லை, ஆனாலும் குறைந்தது.

2016-இல் எடுத்த நாடு தழுவிய கணக்கெடுப்பில் பெண்களில் 68 விழுக்காட்டினர் கூடுதல் எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள், ஆண்களில் 31. மூன்றில் இரண்டு பெண்களுக்கு ஒரே நேரத்தில் நாக்கு கெட்டுப்போயிற்று என்று யாராவது சொன்னால் நம்புவீர்களா?

சொல்லைக் கையாளும்போது ஒன்றைக் கவனியுங்கள். பருமனூட்டும் என்ற அடைமொழி சூழலுக்கு, தெருவுக்கு, பள்ளி வாசல் கடைக்கு, விளம்பரத்துக்குப் போடுவது, ஆளுக்கு அல்ல. ஆளைச் சொல்ல வேண்டுமானால் 'உடல் பருமன் உள்ளவர்' போதும், 'பருமனானவர்' கூட எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. அப்புறம், எழுதும்போது பருமனூட்டும் என்று சேர்த்தே எழுதுங்கள். அச்சுக்குப் போன எங்கள் தாளில் இடமில்லை என்று 'பருமன்' ஒரு வரியிலும் 'ஊட்டும்' அடுத்த வரியிலும் விழுந்து, யாரோ பருமன் என்பவர் நமக்கு ஊட்டுகிறார் என்று பெரியம்மா படித்துவிட்டார்.