துக்கத்துக்கு எழுதும் இங்கிலீஷ்

போன வாரம் ராத்திரி பத்து மணிக்கு என் பழைய மாணவர் ஒருவர் கூப்பிட்டார். இலந்தைக்குளம் ஐடி பூங்காவில் வேலை பார்க்கிறார். "சார், லண்டன்ல எங்க மேனேஜரோட அம்மா தவறிட்டாங்க. துக்கம் கேட்டு மெயில் போட்டேன். அதுக்கப்புறம் அவர் முகங்கொடுத்தே பேச மாட்டேங்கிறார்." மெயிலை வாங்கிப் பார்த்தேன். 'யுவர் மதர் கிக்ட் தி பக்கெட்' என்று எழுதியிருந்தார்.

காளவாசலில் 18 வருடமாக ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுக்கிறேன். இந்தத் தொடர் இப்படி என் கண்ணில் படுவது மூன்றாவது தடவை. முந்தின இரண்டும் தாத்தா இறந்ததற்கான லீவ் லெட்டர்.

'கிக் தி பக்கெட் என்றால் இறந்துபோதல்' என்று கைடில் போட்டிருக்கும். பொருள் சரிதான். 'மண்டையைப் போட்டார்' என்றாலும் இறந்தார் என்றுதானே பொருள்? அதற்காகத் துக்க வீட்டுக்குப் போய், "உங்கம்மா மண்டையப் போட்டுட்டாங்களாமே" என்று கேட்போமா? தவறிட்டார், காலமானார், இயற்கை எய்தினார், போய்ச் சேர்ந்தார். எதை எங்கே, யாரிடம் சொல்வது என்று நமக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. சின்ன வயதிலிருந்து காதில் விழுந்து பழகியது. ஆங்கிலத்தில் நமக்கு அந்தக் காது இல்லை. கைடும் அதைத் தருவதில்லை. 1785-ல் பிரான்சிஸ் குரோஸ் கொச்சைச் சொற்களுக்கென்றே போட்ட அகராதியில் இந்தத் தொடர் இருக்கிறது. அன்றைக்கும் கொச்சை, இன்றைக்கும் கொச்சை.

நாலு இடியம், அதாவது மரபுத்தொடர், போட்டால்தான் இங்கிலீஷ் என்ற நினைப்பை முதலில் விடுங்கள். மழை கொட்டுகிறது என்பதற்குச் சொல்லும் 'ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' 1738-லேயே ஜோனதன் ஸ்விஃப்ட் எழுத்தில் வந்துவிட்டது. நம் பள்ளிகளில் இன்னும் மனப்பாடம் செய்கிறார்கள். இங்கிலாந்துக்காரர்கள் பேச்சில் அது அபூர்வமாகிவிட்டது.

இன்டர்வியூவில் 'ஐ பாஸ்ட் அவுட் இன் 2021' என்று சொல்லாதீர்கள். நமக்கு அது படிப்பை முடித்தது. அமெரிக்கருக்கு மயங்கி விழுந்தது. 'கிராஜுவேட்டட்' போதும். மீட்டிங்கில் 'டேபிள்' என்றால் இன்னும் கவனம் வேண்டும். பிரிட்டிஷ்காரர் சொன்னால் விஷயத்தைப் பேச எடுக்கச் சொல்கிறார், அமெரிக்கர் சொன்னால் தள்ளிப்போடச் சொல்கிறார். சந்தேகமா? அங்கேயே கேட்டுவிடுங்கள்.

அகராதியில் பொருளைப் பார்த்ததும் மூடிவிடாதீர்கள். பக்கத்திலேயே இன்ஃபார்மல், ஓல்ட் ஃபேஷன்ட் என்று சின்னதாகக் குறிப்பு இருக்கும். அதையும் படித்துவிட்டு எழுதுங்கள், தம்பி தங்கச்சிகளா.

அந்தப் பையனை மேனேஜரிடம் நேராக மன்னிப்புக் கேட்கச் சொன்னேன். கூடவே 'ஐ ஆம் சாரி ஃபார் யுவர் லாஸ்' என்று மட்டும் எழுதச் சொன்னேன். ஆறே சொல். மறுநாள் காலையில் பதில் வந்ததாம்.