ஹீட்டட் கிரிப் மாட்டிய வண்டியில் ஆக்ஸிலேட்டர் ஏன் சிக்குகிறது?

லடாக், ஸ்பிதி பக்கம் பைக்கில் கிளம்புகிறவர்கள் மின்சாரத்தில் சூடாகும் கைப்பிடியான ஹீட்டட் கிரிப்பை மாட்டிக்கொண்டு போவது இப்போது சகஜம். தேவையான பொருள்தான். 5,359 மீட்டர் உயரத்தில் இருக்கும் கர்துங் லாவில் ஜூன் மாதத்திலும் பனி தூவும். விரல் மரத்துப்போனால் பிரேக் லீவரைக்கூடச் சரியாகப் பிடிக்க முடியாது. ஆனால் இதை மாட்டிய வண்டிகள் பட்டறைக்கு வரும்போது கேட்கும் புகார், சூடு போதவில்லை என்பதல்ல. “ஆக்ஸிலேட்டரை விட்டாலும் திரும்ப மாட்டேங்குது”, “ஹேண்டிலைத் திருப்பினா ஆர்பிஎம் தானா ஏறுது” என்பார்கள். கிரிப்பைக் குறை சொல்வதற்கு முன், வலது பக்கம் அதை எப்படி மாட்டியிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

இடது கிரிப் சும்மா இருப்பது. 22 மி.மீ. இரும்புக் குழாயில் பசை தடவி ஏற்றினால் வேலை முடிந்தது. வலது கிரிப் அப்படியில்லை. அது உட்காருவது ஒரு பிளாஸ்டிக் ஆக்ஸிலேட்டர் பைப்பின் மேல். அந்தப் பைப் ஹேண்டில்பாரைச் சுற்றிக் கிட்டத்தட்டக் கால் சுற்று திரும்ப வேண்டும், கையை எடுத்ததும் தானாகப் பின்னால் வர வேண்டும். பின்னுக்கு இழுப்பது கார்புரேட்டரிலோ த்ராட்டில் பாடியிலோ இருக்கும் ஒரு ஸ்பிரிங். அதற்குப் பெரிய பலம் கிடையாது. எங்காவது லேசாக உரசினாலே போதும், ஆக்ஸிலேட்டர் பாதியில் நின்றுவிடும்.

முதலில் உரசும் இடம் கிரிப்பின் இரண்டு முனைகள். ஹீட்டட் கிரிப்கள் 115 முதல் 130 மி.மீ. வரை பல நீளத்தில் வருகின்றன. பழைய கிரிப்பை அளக்காமல் வாங்கினால், நீளம் கூடிய கிரிப் உள்பக்கம் சுவிட்ச் பாக்ஸிலும் வெளிப்பக்கம் ஹேண்டில்பார் முனையில் இருக்கும் பார் எண்ட் வெயிட்டிலும் முட்டும். இரண்டு பக்கமும் ஒன்றரை மி.மீ. இடைவெளி வேண்டும். இரண்டு ஏ.டி.எம். கார்டைச் சேர்த்துச் செருகினால் தடையில்லாமல் போய்வர வேண்டும், அவ்வளவுதான் அளவு. முனை மூடிய கிரிப்பை பார் எண்டுக்காக வெட்டியிருந்தால், வெட்டிய விளிம்பில் ரப்பர் பிசிறு நிற்காமல் சுத்தமாகச் சீவுங்கள்.

பைப்பின் மேல் இருக்கும் வரிமேடுகளை அரத்தாலோ 120 நம்பர் உப்புத்தாளாலோ தேய்த்துச் சமப்படுத்த வேண்டியிருக்கும். இதற்குச் சோம்பல்பட்டு கிரிப்பைச் சுத்தியலால் தட்டி ஏற்றுகிறவர்கள் உண்டு. பைப்பின் வாய் நசுங்கும், அல்லது கண்ணுக்குத் தெரியாமல் விரியும். அப்புறம் எவ்வளவு எண்ணெய் விட்டாலும் ஆக்ஸிலேட்டர் இழுத்துக்கொண்டேதான் திரும்பும். அளவுக்கு மீறித் தேய்த்தாலும் வம்பு: சுவர் மெலிந்த பைப் சூட்டில் வளையும். மேடு போனதும் நிறுத்திவிடுங்கள்.

பசை விஷயத்தில் கஞ்சத்தனமே நல்லது. அதிகம் தடவினால் மிஞ்சியது பைப்பின் முனையைத் தாண்டி உள்ளே வழிந்து ஹேண்டில்பாரோடு ஒட்டிக்கொள்ளும். வண்டியில் பொருத்தியபடியே ஒட்டாமல், பைப்பைக் கழற்றித் தனியே ஒட்டிக் காயவைத்துவிட்டு மாட்டுவது பாதுகாப்பு. சாதாரண கிரிப்புக்குப் போதும் என்று ஹேர் ஸ்பிரே அடித்து ஏற்றும் பழக்கம் இங்கே உதவாது. சூட்டில் பிடிப்பு விட்டதும் கிரிப் பைப்பின் மேல் வழுக்கும். கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நகர்ந்து சுவிட்ச் பாக்ஸில் முட்டும். கிரிப்போடு வரும் பசை, அல்லது சூடு தாங்கும் எபாக்ஸி போட்டு ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள்.

மிக ஆபத்தானது வயர். வலது கிரிப்பிலிருந்து வரும் வயர் ஒவ்வொரு முறுக்கலுக்கும் கூடவே திரும்புகிறது. இறுக்கமாகக் கட்டினால் இரண்டில் ஒன்று நடக்கும். முழு ஆக்ஸிலேட்டரில் வயர் கிரிப்புக்கும் சுவிட்ச் பாக்ஸுக்கும் நடுவே ஆப்பு வைத்ததுபோல் சிக்கிக்கொள்ளும். இல்லையென்றால், ஹேண்டிலை ஒரு பக்கம் ஒடிக்கும்போது வயர் விறைத்து கிரிப்பைத் தானே முறுக்கும். மணாலி–லே சாலையில் கட்டா லூப்ஸின் 21 கொண்டையூசி வளைவுகளில் ஒன்றில், மெதுவாகத் திரும்பும் நேரத்தில் இஞ்சின் தானாக உறுமினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. எனவே முழுதாக முறுக்கிய நிலையிலும் வயரில் தொங்கல் மிச்சமிருக்க வேண்டும். வயரைக் கட்டும் முதல் பிளாஸ்டிக் டையை கிரிப்பிலிருந்து குறைந்தது 10 செ.மீ. தள்ளிப் போடுங்கள். வயர் வெளியேறும் இடம் எந்த நிலையிலும் பிரேக் லீவரையோ சுவிட்ச் பாக்ஸையோ தொடக்கூடாது. மாட்டும்போது ஆக்ஸிலேட்டர் கேபிள் பழைய வழியிலிருந்து விலகியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். அதுவும் இதே கோளாறைக் கொடுக்கும்.

சோதனை எளிது. இஞ்சினை அணைத்துவிட்டு, ஹேண்டிலை நேராக, இடது கோடியில், வலது கோடியில் வைத்து ஒவ்வொன்றிலும் முழுதாக முறுக்கி விடுங்கள். டக்கென்று சத்தத்தோடு மூட வேண்டும். சோம்பலாகத் திரும்பினால் வண்டியை எடுக்காதீர்கள். பிறகு நியூட்ரலில் ஐடிலிங்கில் விட்டு ஹேண்டிலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் திருப்புங்கள். ஆர்பிஎம் அசையக்கூடாது. ஃப்ரீ ப்ளே, அதாவது ஆக்ஸிலேட்டர் வேலை செய்யத் தொடங்கும் முன் கிரிப் சும்மா திரும்பும் அளவு, பல வண்டிகளின் கையேட்டில் 2 முதல் 6 மி.மீ.; உங்கள் வண்டிக்குரியதைப் பார்த்து வையுங்கள். பலரும் விட்டுவிடுவது அடுத்தது: கிரிப்பை உச்ச சூட்டில் கால் மணி நேரம் ஓடவிட்டு எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டும். குளிர்ந்திருக்கும்போது சரியாக ஓடும் பைப், சூட்டில் உப்பிப் பிடிக்கலாம்.

பைப்புக்கு உள்ளே சேஸிஸ் கிரீஸ் அப்புவது நம் பட்டறைகளின் பழைய வியாதி. கிரிப் சூடாக இருக்கும்போது அது உருகி சுவிட்ச் பாக்ஸுக்குள் இறங்கும்; மணாலி–லே சாலையில் இருக்கும் சர்ச்சு, பாங் போன்ற இடங்களில் இரவில் குளிர் சுழியத்துக்குக் கீழே போனால் கெட்டியாகி ஆக்ஸிலேட்டரைக் கனக்க வைக்கும். துடைத்துக் காயவைத்து, சிலிக்கான் ஸ்பிரே மெலிதாக அடித்தால் போதும்.

சூடான கிரிப்பில் விழும் பனி உருகி, அந்தத் தண்ணீர் பைப்பின் ஓரமாக உள்ளே போகிறது. வண்டியை நிறுத்திய இரவில் அது உறையும். கேபிளுக்குள் இறங்கிய தண்ணீரும் அப்படியே. காலையில் ஆக்ஸிலேட்டர் அசையாவிட்டால் பலங்கொண்டு முறுக்காதீர்கள். திறந்த நிலையில் மாட்டிக்கொண்டால் ஸ்டார்ட் ஆன உடனே உறுமும். கிரிப்பையும் கேபிள் முனையையும் வெதுவெதுப்பாக்கி, மூன்று நிலைச் சோதனையை முடித்த பிறகே ஸ்டார்ட் பண்ணுங்கள். இரவில் வண்டிக்கு உறை போடுவதும், மலையேறும் முந்தைய நாள் வாட்டர் வாஷ் செய்யாமல் இருப்பதும் பாதித் தொல்லையைத் தவிர்க்கும்.

பழைய கார்புரேட்டர் வண்டிகளில் வேறொரு குழப்பம் உண்டு. ஊட்டி மூடுபனி மாதிரி ஈரமும் குளிரும் சேர்ந்த காற்றில், பெட்ரோல் ஆவியாகும் குளிர்ச்சியால் கார்புரேட்டருக்குள்ளேயே பனி படியும். ஐடிலிங் தடுமாறும், ஆக்ஸிலேட்டர் மந்தமாகும். நிறுத்தி வைத்தால் இஞ்சின் சூட்டில் சில நிமிடங்களில் தானாகச் சரியாகிவிடும். இதற்கும் கிரிப்புக்கும் சம்பந்தமில்லை.

ஹிமாலயன் 450, கேடிஎம் 390 அட்வென்ச்சர் போன்றவற்றில் கேபிளே இல்லை. கிரிப்பின் அசைவை ஒரு சென்சார் படித்து, இஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியுவுக்குச் சொல்கிறது. அந்த வயர்களில் ஓடுவது 5 வோல்ட் சிக்னல். அருகில் கிடக்கிறதே என்று அதைச் சுரண்டி கிரிப்புக்குக் கரன்ட் எடுத்தால், எச்சரிக்கை விளக்கு எரிந்து வண்டி வேகமெடுக்காது. இந்த வண்டிகளுக்கு அந்த மாடலுக்கென்றே செய்த கிரிப்பை வாங்குங்கள்.

கரன்ட்டைப் பொறுத்தவரை, ஒரு ஜோடி முழுச் சூட்டில் 3 முதல் 4 ஆம்பியர் இழுக்கும். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக, சாவி போட்டால் மட்டும் இயங்கும் ரிலே மூலம் கொடுக்க வேண்டும். இஞ்சின் ஓடாமல் விட்டுவைத்தால் 8 ஏ.எச். (ஆம்பியர்-மணி) பேட்டரி இரண்டே கால் மணி நேரத்தில் காலி. செல்ஃப் அதற்கு வெகு முன்பே கைவிட்டுவிடும்.

வாடகை வண்டிகளில் கிரிப்புக்கு மேலே வெல்க்ரோவால் சுற்றும் சூட்டு உறைகளைப் பார்க்கலாம். இடது பக்கம் பரவாயில்லை. வலது பக்கம் அது உள்ளே நகர்ந்து சுவிட்ச் பாக்ஸில் அழுந்தும், நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

ஓட்டத்தில் சிக்கிவிட்டால் கிளட்சைப் பிடித்து, இஞ்சினை அணைக்கும் கில் சுவிட்சைத் தட்டி, பிரேக் போடுங்கள். சாவியைத் தேடிக் கை போக வேண்டாம். கையையும் கிரிப்பையும் சேர்த்து மூடும் ஹேண்டில்பார் மஃப் மாட்டியவர்கள், தடித்த கையுறையோடு பார்க்காமலேயே அந்த சுவிட்ச் விரலுக்கு எட்டுகிறதா என்று வீட்டு வாசலிலேயே பழகிவிட்டுக் கிளம்புங்கள்.