சளி பிடித்த பிள்ளையின் மூச்சை எண்ணிப் பாருங்கள்

இலங்கை மலையகத்தில், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் மழையும் குளிரும் சேர்ந்துவிட்டால் எங்கள் ஆஸ்பத்திரியின் பிள்ளைகள் வார்டில் கட்டில் காலியாக இருக்காது. "காய்ச்சல் அவ்வளவாக இல்லை மிஸ், பனடோல் கொடுத்தோம், விடியட்டும் என்று இருந்தோம்" என்பார்கள் தாய்மார். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். காய்ச்சலைத் தொட்டுப் பார்க்கத்தான் நாம் எல்லோரும் பழகியிருக்கிறோம். ஆனால் நுரையீரலைத் தாக்கும் நியூமோனியாவைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் மூச்சுதான்.

அதற்குக் கருவி வேண்டாம், மணி பார்க்க கைபேசி போதும். பிள்ளை அழாமல் இருக்கும்போது, தூங்கினால் இன்னும் நல்லது, கம்பளியை விலக்கி ஸ்வெட்டரைத் தூக்கி வயிற்றைப் பாருங்கள். வயிறு எழும்பி இறங்கினால் ஒரு மூச்சு. முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். கைக்குழந்தைகள் சில வினாடி மூச்சை நிறுத்திவிட்டு அப்புறம் வேகமாக விடுவதுண்டு. அரை நிமிடம் எண்ணிப் பெருக்கினால் கணக்குத் தப்பும்.

பிறந்த குழந்தைக்கு நிமிடத்துக்கு 40 மூச்சு சாதாரணம். அதே 40, மூன்று வயதுப் பிள்ளைக்கு ஆபத்து. 2 மாதத்துக்குள் 60, அதிலிருந்து ஒரு வயது வரை 50, ஐந்து வயது வரை 40: இந்த அளவைத் தொட்டாலே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாருங்கள். 3 மாதத்துக்குள் உள்ள குழந்தைக்கு 38 பாகை காய்ச்சல் இருந்தாலும், உடம்பு சில்லிட்டுப் பால் குடிக்காமல் கிடந்தாலும் அப்படித்தான்.

மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுகிறதா, முனகுகிறதா, உதடு நீலமாகிறதா, வலிப்பு வந்ததா, எழுப்பியும் முழிக்கவில்லையா? அப்போது எண்ணிக்கொண்டிருக்கவே வேண்டாம். 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். தேயிலைத் தோட்டத்தின் பெயரோடு, அதில் எந்தப் பிரிவு (டிவிஷன்) என்பதையும் சொல்லுங்கள். லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, வரும் பாதை மோசமென்றால் ஒருவர் மெயின் ரோட்டில் போய் நிற்கட்டும்.

விரலில் மாட்டி ஒட்சிசன் பார்க்கும் கருவி இப்போது சில வீடுகளிலும் இருக்கிறது. கை குளிர்ந்திருந்தால் அது தவறாகக் காட்டும். தேய்த்துச் சூடாக்கிவிட்டுப் பாருங்கள். எண் நன்றாகவே இருந்தாலும், பிள்ளை மூச்சுக்குத் திணறினால் எண்ணை நம்பாதீர்கள்.

வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமலும் நியூமோனியா வரும். நேற்றுவரை தெளிவாக இருந்தவர் திடீரென்று தடுமாறிப் பேசினால், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு 25ஐத் தாண்டினால், அன்று இரவே கொண்டுவாருங்கள்.