லென்ஸ் பளபளன்னு இருந்தா போதாது: பழைய ஸ்போர்ட்ஸ் கார் டெயில் லைட் வேலை

பழைய ஸ்போர்ட்ஸ் கார ரெஸ்டோர் பண்றவங்க இன்ஜினுக்கு மாசக்கணக்குல மெனக்கெடுவாங்க, பெயின்ட்டுக்கு மெனக்கெடுவாங்க, ஆனா டெயில் லைட்டுன்னு வரும்போது லென்ஸ பாலிஷ் போட்டு மாட்டிட்டு வேலை முடிஞ்சதுன்னு விட்டுடுவாங்க. ரிப்பேருக்கு என் கைக்கு வர்ற வண்டிகள்ல இத நான் திரும்பத் திரும்ப பாக்குறேன். லென்ஸ் புதுசு மாதிரி மின்னும், ஆனா பகல் வெயில்ல பிரேக் மிதிச்சா லைட் எரியுதா இல்லையான்னே பின்னாடி வர்றவருக்கு தெரியாது. இந்த வண்டிங்க தரையோட தரையா இருக்கும், லைட்டும் சின்னது, மேல மூணாவது பிரேக் லைட்டும் கிடையாது (அமெரிக்காவுலயே அது 1986 மாடல் கார்ல இருந்துதான் கட்டாயமாச்சு). அதனால பின்னாடி வர்றவருக்கு நீங்க நிக்கிறீங்கன்னு சொல்றதுக்கு இருக்கிறது இந்த ரெண்டு லைட்டு மட்டும்தான்.

ஸ்பேனர எடுக்கறதுக்கு முன்னாடியே மல்டிமீட்டர எடுங்க. லைட் மங்கலா இருந்தா எல்லாரும் பல்பையும் லென்ஸையும்தான் சந்தேகப்படுறாங்க, நான் பாத்த வரைக்கும் பாதிக்கு மேல குத்தவாளி எர்த்துதான், அதாவது கரன்ட் பல்புல இருந்து வண்டி பாடி வழியா பேட்டரி நெகட்டிவுக்கு திரும்பற இணைப்பு. சாதாரண பிரேக் பல்பு 21 வாட், 12 வோல்ட்டுல கிட்டத்தட்ட 1.75 ஆம்பியர் இழுக்கும். துருப்பிடிச்ச எர்த் பாயின்ட்ல வெறும் 1 ஓம் ரெசிஸ்டன்ஸ் இருந்தாலே ஒன்றரை வோல்ட் அங்கயே போயிடும். ஒன்றரை வோல்ட்தானேன்னு தோணும், ஆனா ஃபிலமென்ட் பல்போட வெளிச்சம் வோல்டேஜுக்கு நேரா குறையாது, அத விட ரொம்ப வேகமா விழும், அந்த ஒன்றரை வோல்ட்டுல மூணுல ஒரு பங்கு வெளிச்சத்துக்கு மேல காணாம போயிடும். செக் பண்றது ஈஸி. ஒருத்தர பிரேக் மிதிச்சு பிடிக்க சொல்லுங்க, மீட்டரோட ஒரு முனைய பல்பு ஹோல்டரோட உடம்புல வைங்க, இன்னொண்ண பேட்டரி நெகட்டிவ்ல வைங்க. பூஜ்யத்த ஒட்டி காட்டணும், 0.2 வோல்ட்ட தாண்டுச்சுன்னா எர்த்த கவனிச்சே ஆகணும். மீட்டர் இல்லாமலே தெரியுற அறிகுறியும் இருக்கு: இன்டிகேட்டர் போட்டா டெயில் லைட்டும் சேர்ந்து துடிக்கும், பிரேக் மிதிச்சா சம்பந்தமே இல்லாத பல்பு லேசா எரியும். எர்த் கிடைக்காத கரன்ட் இன்னொரு ஃபிலமென்ட் வழியா திரும்பிப் போக வழி தேடுதுன்னு அர்த்தம்.

கழட்டும்போது முதல்ல பேட்டரி நெகட்டிவ எடுத்துடுங்க, ஒயர தொடுறதுக்கு முன்னாடி நாலு கோணத்துல போட்டோ எடுத்துக்கங்க, ஒவ்வொரு ஒயருக்கும் டேப் ஒட்டி பேர் எழுதுங்க. எம்ஜிபி மாதிரி பழைய பிரிட்டிஷ் வண்டின்னா கலர் கோடு உங்களுக்கு உதவும், சிவப்பு டெயில் லைட்டு, பச்சைல ஊதா கோடு பிரேக், பச்சைல சிவப்பு கோடு இடது இன்டிகேட்டர், பச்சைல வெள்ளை கோடு வலது, கறுப்பு எர்த். ஆனா இவ்ளோ வருஷத்துல யாராவது நடுவுல வேற கலர் ஒயர சேர்த்து முறுக்கி டேப் சுத்தியிருப்பாங்க, அதனால கலர மட்டும் நம்பாம மீட்டர வச்சு உறுதி பண்ணிக்கங்க.

நட்டு துருப்பிடிச்சிருந்தா அவசரமே கூடாது, நிறைய வண்டில ஹவுசிங் (லைட்டோட கூடு) துத்தநாக வார்ப்பு, அதுல நட்டு மாட்டறதுக்கு இருக்கற ஸ்டட் முறிஞ்சிடுச்சுன்னா வேலை ரெண்டு மடங்காயிடும். பெனட்ரேட்டிங் ஆயில அடிச்சு ராத்திரி முழுக்க ஊற விடுங்க, லேசா இறுக்கிட்டு அப்புறம் லூஸ் பண்ணுங்க, அப்படியே முன்ன பின்ன ஆட்டி எடுங்க. டார்ச் வச்சு சூடு பண்றது இங்க வேணவே வேணாம், ஒரு பக்கம் பிளாஸ்டிக், ஒரு பக்கம் பெயின்ட், கீழ பல வண்டில பெட்ரோல் டேங்க்.

அடுத்து லென்ஸ். பழைய லென்ஸ் பெரும்பாலும் அக்ரிலிக். அதுல தின்னர், பெட்ரோல், பிரேக் கிளீனர், ஸ்பிரிட்டு எதுவுமே படக்கூடாது. அச்சுல வார்க்கும்போதே அந்த பிளாஸ்டிக்குக்குள்ள இழுவிசை தங்கியிருக்கும், இந்த கெமிக்கல் பட்ட உடனே அது மயிர்க்கோடு மாதிரி விரிசலா வெளிய வரும், சில சமயம் அன்னைக்கு தெரியாது, கொஞ்ச நாள் கழிச்சு ஸ்க்ரூ ஓட்டைய சுத்தி கிளம்பும். வெதுவெதுப்பான தண்ணி, லேசான சோப்பு, மெத்துன்னு பிரஷ், அவ்ளோதான். கீறல எடுக்கணும்னா வெளிப்பக்கம் மட்டும் வாட்டர் பேப்பர தண்ணி விட்டு தேய்ங்க, 1000ல ஆரம்பிச்சு 2000, 3000, அப்புறம் பிளாஸ்டிக் பாலிஷ். உள்பக்கம் இருக்கற சின்ன சின்ன கட்டங்கதான் வெளிச்சத்த பரப்புறது, அத தேய்ச்சீங்கன்னா போச்சு. நெறம் வெளுத்திருக்குன்னு சிவப்பு டின்ட் ஸ்ப்ரே அடிக்கறவங்கள பாத்தா எனக்கு நிஜமாவே பயமா இருக்கு. பிரேக் வெளிச்சத்தையும் குறைக்கும், பின்னாடி வர்ற வண்டியோட வெளிச்சத்த திருப்பி அடிக்கறதுக்கு லென்ஸ்லயே இருக்கற ரிஃப்ளெக்ஸ் ரிஃப்ளெக்டரையும் மூடிடும், அந்த ரிஃப்ளெக்டர் பேட்டரி செத்து இருட்டுல நிக்கும்போதும் உங்கள காட்டிக்குடுக்குற பொருள். ரொம்ப வெளுத்ததுன்னா வேற லென்ஸ் வாங்குங்க, வாங்கும்போது அதுல ஈ (E) மார்க்கோ எஸ்ஏஈ (SAE) மார்க்கோ, அதாவது தர முத்திரை, அச்சுல பதிஞ்சிருக்கான்னு பாருங்க.

உள்ள இருக்கற ரிஃப்ளெக்டர்லதான் நிறைய பேர் தெரியாமலே பெரிய சேதம் பண்ணிடுறாங்க. அந்த வெள்ளிப் பூச்சு குரோம் இல்ல, வெற்றிடத்துல ஆவியாக்கி படிய வச்ச அலுமினியம், பட்டாம்பூச்சி இறக்கைல இருக்கற பொடி மாதிரி துணி பட்டாலே வந்துடும். தூசிய காத்து அடிச்சு எடுங்க, வேணும்னா சுத்தமான தண்ணி ஊத்தி அலசி நிழல்ல காய விடுங்க, மெட்டல் பாலிஷ் கிட்டயே கொண்டுபோகாதீங்க. பூச்சு ஏற்கனவே உரிஞ்சிருந்தா திரும்ப மெட்டலைசிங் பண்ற ஆள்கிட்ட குடுக்குறதுதான் சரி. கடைல விக்கிற சில்வர் ஸ்ப்ரே கண்ணுக்கு வெள்ளி மாதிரி இருக்கும், வெளிச்சத்துக்கு அது சாம்பல்தான். சில வண்டில கம்பெனிலயே உள்ள வெள்ளை பெயின்ட்தான் அடிச்சிருப்பாங்க, அத வெள்ளையாவே விடுங்க.

பல்பு ஹோல்டர்ல களிம்பு பிடிச்சிருந்தா பித்தளை பிரஷ்ல சுரண்டி கான்டாக்ட் கிளீனர் அடிங்க, ஆனா ஹோல்டர தனியா கழட்டி வச்சு பண்ணுங்க, லென்ஸ் மேல தெறிக்கக்கூடாது. ஸ்ப்ரிங் தளர்ந்திருக்கான்னு பாருங்க. ரெண்டு ஃபிலமென்ட் பல்போட பின் ரெண்டும் வேற வேற உயரத்துல இருக்கறதே தப்பா மாட்டக்கூடாதுன்னுதான், தேஞ்சுபோன ஹோல்டர்ல அத மாத்தி திணிச்சா டெயில் லைட்டு பளிச்சுன்னும் பிரேக் லைட்டு மங்கலாவும் எரியும்.

எல்ஈடி போடலாமான்னு கேக்காதவங்களே இல்ல. எல்ஈடி பல்பு ஃபிலமென்ட்ட விட சுமார் 0.2 செகண்ட் முன்னாடி எரியும், 100 கிலோமீட்டர் ஸ்பீடுல அது அஞ்சு மீட்டருக்கு மேல, நல்ல விஷயம்தான். ஆனா இந்த ரிஃப்ளெக்டர் ஃபிலமென்ட் எங்க இருக்கோ அந்த இடத்த கணக்கு பண்ணி செஞ்சது, எல்ஈடி ஒரே பக்கம் அடிச்சா நடுவுல ஒரு புள்ளி மட்டும் எரிஞ்சு சுத்தி இருட்டா இருக்கும். சிவப்பு லென்ஸுக்கு சிவப்பு எல்ஈடிதான் போடணும், இன்டிகேட்டர துடிக்க வைக்கிற பழைய சூடேறுற ஃபிளாஷர் ரிலேயையும் மாத்தணும், உங்க ஊர் சட்டம் விடுதான்னும் பாக்கணும். எர்த்த சரி பண்ணி நல்ல 21 வாட் பல்பு போட்டாலே பெரும்பாலும் போதும்ங்கறது என் கருத்து.

இப்ப கேஸ்கட், அதாவது லைட்டுக்கும் பாடிக்கும் நடுவுல இடைவெளிய அடைக்கிற பட்டை. தண்ணி உள்ள வராம இருக்கறதுக்குன்னு மட்டும் நினைச்சு பழசையே திரும்ப மாட்டிடுறாங்க, ஆனா ஆபத்து அதுல மட்டும் இல்ல. வண்டி ஓடும்போது பின்னாடி காத்தழுத்தம் குறையும், சைலன்ஸர் புகை அங்கயே சுழலும், டெயில் லைட் கேஸ்கட் காஞ்சு சுருங்கியிருந்தா அந்த புகை நேரா உள்ள வரும். டாட்சன் 240இசட் மாதிரி பின்கதவு உள்ள வண்டில டிக்கிக்கும் சீட்டுக்கும் நடுவுல தடுப்பே கிடையாது, அந்த வண்டி வச்சிருக்கறவங்களுக்கு இந்த புகை நாத்தம் நல்லாவே தெரியும். நாத்தம் வர்றது பரவால்ல, கூடவே வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு நாத்தமே கிடையாது, புகைல இருக்கற நச்ச குறைக்கிற கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இல்லாத கார்புரேட்டர் இன்ஜின்ல அது அதிகமாவே இருக்கும். லாங் டிரைவ்ல தலைவலி, தூக்கம் மாதிரி வந்தா வயசாயிடுச்சுன்னு விட்டுடாதீங்க, உடனே வண்டிய ஓரங்கட்டி இறங்கி காத்து வாங்குங்க, அப்புறம் டெயில் லைட் கேஸ்கட், பின்கதவு ரப்பர், ஒயர் போற ஓட்டைல இருக்கற ரப்பர் வளையம் (குரோமெட்) மூணையும் பாருங்க. புது கேஸ்கட் குளோஸ்டு செல் ஃபோமா இருக்கணும், ஸ்பான்ஜ் மாதிரி தண்ணி குடிக்கறது வேணாம். அதே சமயம் ஹவுசிங் அடியில இருக்கற சின்ன வடிகால் ஓட்டைய சீலன்ட் வச்சு அடைச்சுடாதீங்க, அது கம்பெனி வேணும்னே விட்டது.

மாட்டும்போது லென்ஸ் ஸ்க்ரூவ கையால உணர்ந்து இறுக்குங்க, பவர் டூல் வேணாம், எல்லா ஸ்க்ரூவையும் கொஞ்சம் கொஞ்சமா மாத்தி மாத்தி. எர்த்துக்கு ஹவுசிங்க நம்பாம தனியா ஒரு ஒயர் இழுத்து பெயின்ட் சுரண்டின பாடில போல்ட் பண்ணி மேல கிரீஸ் தடவுங்க. அப்புறம் நல்ல வெயில்ல ஒருத்தர அம்பது அடி தள்ளி நிக்க வச்சு டெயில் லைட், பிரேக், இன்டிகேட்டர் மூணையும் ஒண்ணா போட்டு பாருங்க, தனித்தனியா பாத்தா சில எர்த் கோளாறு வெளிய வராது. ஒரு வாரம் ஓட்டினதும் புது கேஸ்கட் அமுங்கியிருக்கும், நட்ட இன்னொரு தடவ கால் சுத்து இறுக்கி பாத்துக்கங்க.